பத்து விரல்களுக்கு முட்டையோடு

ஜூலை முதல் தேதி, பலெர்மோவில் வெயில் நாற்பத்தோரு டிகிரியைத் தொட்ட அன்று, பேருந்து ஓட்டுநர் கஸ்பாரேயின் மீசையில் உறைபனி படிந்திருந்தது. காலை முதல் வண்டியில் ஏறியவர்கள் பார்த்தபோது இரண்டு மூன்று முடிதான் வெளுத்திருந்தது. பகல் பன்னிரண்டுக்குள் மீசை முழுக்க வெள்ளை. வாயைத் திறந்தால் புகை வந்தது. முன்கண்ணாடி உள்பக்கமாகப் பூத்துப் பூத்துப் போக, அவன் ஒரு கையால் துடைத்துக்கொண்டே மறுகையால் வண்டியை ஓட்டினான். ஆப்பிரிக்காப் பக்கமிருந்து வீசிய அனல்காற்றில் ஊரே நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்ததால் பயணிகள் யாரும் புகார் சொல்லவில்லை. புகாரா? முன்னால் வந்த இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு அவன் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், சந்தைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே நாலு தடவை போய்வந்த கிழவர்கள் உண்டு. நாலாம் நாள் ஸ்டியரிங்கில் அவன் உள்ளங்கை ஒட்டிக்கொண்டு, ஒரு திருப்பத்தில் கையைப் பிய்த்தெடுக்க வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலமே மேலதிகாரி அவனை வீட்டுக்கு அனுப்பினார். உடம்பு சூடானதும் வரலாம் என்றார்.

இது எங்கே தொடங்கியது என்று அவன் மனைவி நூன்சியாவைக் கேட்டால், மத்திமீனில் தொடங்கியது என்பாள். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மத்திமீன் போட்டுப் பாஸ்தா செய்திருந்தாள். கஸ்பாரே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "எங்கம்மா செஞ்சா இதுல சோம்புக்கீரை இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றான். இருபத்தாறு வருஷமாகச் சொல்லிவருவதுதான். அன்றைக்கு அவளுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப உங்கம்மாவையே எழுந்து வந்து செய்யச் சொல்லு" என்றாள். மாமியார் கல்லறைக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டாள், ஒரு பையில் நாலு துணியை அடைத்தாள், ரயிலேறிப் பகேரியாவில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கோபத்தில் கிளம்பியவள் ஒன்றை மறந்துபோனாள். பால்கனியில் இருந்த பொமேலியாவுக்கு அந்த வருஷம் முட்டை ஓடு மாட்டவில்லை.

பொமேலியா என்பது வேறொன்றுமில்லை, நம் பக்கம் கள்ளிமந்தாரை என்கிறோமே, அதுதான். அங்கே ஒரு பெண் கல்யாணமாகிப் போகும்போது அவள் அம்மா தன் செடியிலிருந்து ஒரு கொம்பை ஒடித்துக் கொடுத்தனுப்புவாள். அது துளிர்த்தால் குடித்தனமும் துளிர்க்கும். பட்டுப்போனால், பெண் பெட்டியோடு திரும்பி வந்தாலும் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். குளிர்காலத்தில் அதற்கு இலை இருக்காது, வெறும் மொட்டைக் கொம்புகள்தான். குளிர் அந்தக் கொம்புகளின் நுனி வழியாகத்தான் உள்ளே இறங்கும். ஆகவே கேக்குக்கும் ஆம்லெட்டுக்கும் உடைத்த முட்டைகளின் ஓட்டைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொரு நுனிக்கும் குல்லாய் மாதிரி கவிழ்த்துவிடுவார்கள். பலெர்மோவில் டிசம்பரில் எந்தத் தெருவில் நிமிர்ந்து பார்த்தாலும் பால்கனிக்குப் பால்கனி செடிகள் முட்டை காய்த்து நிற்கும். நூன்சியாவின் செடிக்குப் பத்துக் கொம்பு. அந்த வருஷம் குளிர் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லாததால் நாளைக்கு மாட்டலாம், நாளைக்கு மாட்டலாம் என்று தள்ளிப்போட்டு வந்தாள்.

அவள் போன நாலாம் நாள் பகல் மூன்று மணிக்குப் பலெர்மோவில் பனி கொட்டியது. பாதிப் பேர் அதைச் சாம்பல் என்று நினைத்து எரிமலை இருந்த கிழக்குத் திசையைப் பார்த்தார்கள். கடைக்காரர்கள் பயந்துபோய்க் கதவைச் சாத்தினார்கள். வேலையிலிருந்து திரும்பிய கஸ்பாரே நேராகப் பால்கனிக்குப் போய்ப் பார்த்தான். கொம்புகளின் நுனி ஈரமாகக் கறுக்கத் தொடங்கியிருந்தது. வீட்டில் ஒரு முட்டை இல்லை, தெருவில் ஒரு கடை இல்லை. துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துப் பத்துக் கொம்புகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினான். நுனிக்கு ஒரு விரலாகப் பத்து விரல்களால் பொத்திக்கொண்டு, பனி நிற்கும்வரை, மறுநாள் காலை பத்து மணிவரை, அப்படியே நின்றான். எதிர் பால்கனியில் இருந்த சாரீனா மட்டும் அதைப் பார்த்தாள். "உள்ள போடா பைத்தியக்காரா, செத்துத் தொலைவ" என்று அவள் கத்தியதற்கு, "கத்தாத, நூன்சியாகிட்டச் சொல்லிடாத" என்று மட்டும் சொன்னான்.

செடி பிழைத்தது. பதினோராம் நாள் கோபம் ஆறித் திரும்பிய நூன்சியா, பையைக்கூட இறக்காமல் பால்கனிக்கு ஓடினாள். பத்து நுனியும் பச்சையாக இருந்தது. அவன் ஓடு மாட்டிக் கழற்றியிருப்பான் என்று எடுத்துக்கொண்டாள். "பார்றா, நான் இல்லன்னதும் பத்து முட்டையை உடைச்சுச் சாப்பிட்டிருக்கான்" என்று கேலி செய்தாள். அவன் சிரித்தான், அவ்வளவுதான். பிப்ரவரியில் அவன் காப்பி குடிக்கும் முன்பே ஆறிப்போயிற்று. ஈஸ்டருக்கு வந்த தங்கை குழந்தைகள் அவன் மடியில் உட்கார மறுத்தன. மே மாதம் நூன்சியா தன் படுக்கைப் பக்கத்துக்கு இரண்டு கம்பளி போட்டுக்கொண்டு படுத்தாள், வயதாகிறது என்று நினைத்துக்கொண்டாள். மனுஷன் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஜூலை வந்தது.

வேலையில்லாமல் வீட்டில் இருந்த கஸ்பாரேயால் தெருவுக்கு நல்ல காலம். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தர்பூசணியை அவன் நாற்காலிக்கு அடியில் உருட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் போனார்கள். மீன்காரன் மிச்சமான கணவாயை அவன் காலடியில் வைக்கலாமா என்று நூன்சியாவிடம் மரியாதையாகத்தான் கேட்டான். அவள் துடைப்பத்தை எடுத்தாள். வைத்தியர் வந்து, காய்ச்சல் அளக்கும் குழாயில் பாதரசம் கீழே போய் ஒளிந்துகொள்வதை மூன்று தடவை பார்த்துவிட்டு, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கஸ்பாரேக்கு மட்டும் பல் தந்தியடித்தது. மத்தியான வெயிலில் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்து, வந்தவர்களிடம் சுகம் விசாரித்தான்.

பதினைந்தாம் தேதி ஊர்ப் புனிதையின் திருவிழா. எல்லா வீட்டிலும் போல நூன்சியாவும் பூண்டு போட்டு நத்தை வதக்கினாள். சாரீனா ஒரு கிண்ணம் நத்தை, இரண்டு கோப்பை வைன் ஆனதும் அழ ஆரம்பித்தாள். "அடியே, உன் புருஷன் சொல்லக் கூடாதுன்னான், ஆனா இதுக்கு மேல என்னால முடியாது" என்று ஜனவரிக் கதையைக் கொட்டிவிட்டாள். "அந்தக் குளிர் உன் செடிக்குன்னு கிளம்பி வந்ததுடி. வழியில இவன் கையை வச்சுட்டான். பின்ன அது எங்க போகும்?" நூன்சியா நத்தை குத்தும் ஊசியைக் கிண்ணத்தில் போட்டாள். ஒரு பிடி கீரைக்காகத் தான் வீட்டைவிட்டுப் போனதும், ஒரு குச்சிக்காக அவன் விடியவிடிய நின்றதும் அவளை விடவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. குளிரை இந்த மனுஷனிடமிருந்து விரட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை சந்தைக்குப் போய்ப் பத்து முட்டை வாங்கி வந்தாள். கோழி நாட்டுக்கோழியா என்று மூன்று தடவை கேட்டாள். ஒவ்வொன்றின் தலையிலும் ஓட்டை போட்டு, உள்ளிருந்ததை ஊற்றி ஆம்லெட் போட்டுவிட்டு, ஓடுகளைக் கழுவி வெயிலில் காயவைத்தாள். அவள் அம்மா செய்தபடி, அம்மாவின் அம்மா செய்தபடி, ஒரு விரிசல் விழாமல் கஸ்பாரேயின் பத்து விரல்நுனிகளிலும் மாட்டினாள். "நான் என்ன பூந்தொட்டியாடி?" என்றான் அவன். "வாயை மூடு. உன்னவிட அதுக்குப் புத்தி அதிகம், பேசாம நிக்கும்" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலுக்குப் பெரிய ஓடாகப் பார்த்து எடுத்தாள்.

அது வேலை செய்தது. எல்லோரும் பார்த்த விஷயம், சந்தேகமே இல்லை. மாலைக்குள் மீசையின் பனி உருகிச் சட்டையில் வடிந்தது. மூன்றாம் நாள் வாயிலிருந்து புகை நின்றது. ஒரு வாரத்தில் வீடு மற்ற வீடுகளைப் போலவே வெந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு முகம் கோணிப் போனார்கள், தர்பூசணிகள் மறுபடி கிணற்றுக்குப் போயின. நூன்சியா கம்பளிகளைத் துவைத்துப் பெட்டியில் வைத்தாள். அவனுக்குச் சோறு ஊட்டினாள், பொத்தான் போட்டுவிட்டாள், மீசை கத்தரித்தாள். முட்டையோட்டுக் கையோடு அவன் வேறென்ன செய்ய முடியும்? அவள் சமையலறையில் பாட ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் பாடியவள், அப்புறம் இப்போதுதான். அவன் பேச்சு குறைந்துவிட்டதை அவள் கவனித்தாள், வெயில் என்று எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு, இதைக் கொண்டாட அவனைத் தாவரவியல் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காதலித்த நாளில் வாரம் தவறாமல் போன இடம். கல்யாணத்துக்குப் பிறகு, வழக்கம்போல, ஒருநாளும் எட்டிப்பார்க்கவில்லை. நுழைவாயிலில் இருந்தவன் கஸ்பாரேயின் விரல்களைப் பார்த்து, "என்ன அண்ணே, டிசம்பருக்கு இப்பவே தயாராயிட்டீங்களா?" என்றான். நூன்சியா சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். தாமரைக் குளத்தைச் சுற்றினார்கள். தூண் தூணாக விழுதிறக்கி அரைத் தெருவுக்குப் படர்ந்திருந்த பெரிய ஆலமரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். "இங்கதான உன் தொப்பி மேல காக்கா எச்சம் போட்டுச்சு" என்று அவள் நினைவுபடுத்தினாள். "காக்கா இல்ல, புறா" என்றான் அவன், மெதுவாக. பத்தடிக்கு ஒருமுறை நின்றான். அவள் அவன் முழங்கையைப் பிடித்துக் கண்ணாடி வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய பெஞ்சுக்கு நடத்திப்போனாள்.

அந்த பெஞ்சுக்கு எதிரே ஒரு லைலாக் புதர். வடக்கே பனிநாட்டில் பூக்கும் செடி. பலெர்மோவின் குளிர் போதாமல் முப்பத்தோரு வருஷமாக ஒரு மொட்டுக்கூட வைத்ததில்லை. பூக்காத செடியைப் பார்க்க யார் வருவார்கள்? அதனாலேயே காதலர்களுக்கு அந்த பெஞ்சு தோதாக இருந்தது. அதை நட்ட தோட்டக்காரர் தோன் இஞ்ஞாட்சியோ அந்தக் காலத்தில் தண்ணீர்க் குழாயைக் காட்டி இவர்களைப் பலமுறை விரட்டியிருக்கிறார். இப்போது எழுபதை நெருங்கியவர் அதே குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். நூன்சியாவை அடையாளம் கண்டு, "இப்பவாவது கட்டிக்கிட்டீங்களா?" என்றார். அவள் உட்காரவைத்துக் கதை முழுவதையும் சொன்னாள். ஜனவரி, மீசை, பேருந்து, தர்பூசணி, முட்டையோடு, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்துப் பெருமையாகக் கஸ்பாரேயின் கையைத் தூக்கிக் காட்டினாள்.

தோன் இஞ்ஞாட்சியோ குழாயைக் கீழே போட்டார். "இதை எப்ப மாட்டுனீங்க?"

"திருவிழாவுக்கு மறுநாள்."

"ஜூலைல." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நூன்சியாம்மா, ஓடு மாட்டுறது குளிர் வர்றதுக்கு முன்னாடி. அப்ப அது உள்ள போகாது. வந்த பிறகு மாட்டுனா அது வெளிய போகாதும்மா. வீடெல்லாம் ஜில்லுனு இருந்ததுன்னு சொன்னீங்களே, அது விரல் வழியா தானா போய்க்கிட்டு இருந்த குளிர். விட்டிருந்தா அடுத்த கோடைக்குள்ள காலியாகியிருக்கும். நீங்க மூடியைப் போட்டு மூடிட்டீங்க."

களை பிடுங்குவதைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் சொன்னார். நூன்சியா தூக்கிக் காட்டிய கஸ்பாரேயின் கையைக் கீழே இறக்கினாள். அப்புறம், "கழட்டிட்டா?" என்றாள். கழற்றலாம், வெளியே வரும் என்றார் அவர். ஆனால் இருபத்து நாலு நாளாகப் போக வழியில்லாமல் அது உள்ளே எங்கெங்கே குடியேறியிருக்கிறதோ, வரும்போது கூட எதை இழுத்துக்கொண்டு வருமோ, அது தனக்குத் தெரியாது. "கழட்டலன்னா?" அவர் குனிந்து, அடிமரத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் கஸ்பாரேயின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை தாண்டாது."

"கழட்டுடி, விரல் அரிக்குது" என்றான் கஸ்பாரே.

"உள்ள ஏறுறது உனக்குத் தெரிஞ்சுதா?"

"நெஞ்சு வரைக்கும் வந்தப்பத் தெரிஞ்சுது."

"பாவி, ஏன்யா சொல்லல?"

"நீ பாடிக்கிட்டு இருந்த" என்றான்.

அவள் இடது சுண்டுவிரலில் தொடங்கினாள். முதல் ஓடு கழன்றதும் காலடிப் புல் நொறுங்கியது. மூன்றாவதுக்குக் கண்ணாடி வீட்டின் சன்னல்கள் பூத்துப்போயின. ஆறாவதைக் கழற்றும்போது பெஞ்சுக்கு மேலே, ஒரு கட்டில் விரிப்பு அளவுக்கு மட்டும், பனி பெய்யத் தொடங்கியது. நாலடி தள்ளி நின்ற பனைகளில் சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது. லைலாக் புதர் தன் இலைகளை உதிர்த்தது, மொட்டையாக நின்றது, மறுபடி துளிர்த்தது, எட்டாவது ஓட்டுக்கு மொட்டு வைத்தது. தோன் இஞ்ஞாட்சியோ தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு புதரைப் பார்த்து நின்றார். சந்தோஷத்தை மறைக்க அவரால் முடியவில்லை. முப்பத்தோரு வருஷம் காத்திருந்த மனிதர், அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியாக வலது கட்டைவிரலின் பெரிய ஓட்டை நூன்சியா எடுத்தபோது புதர் முழுக்க ஊதாவாகப் பூத்தது.

கஸ்பாரேயின் கை சூடாக இருந்தது. ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக, அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி சூடு. அவள் அந்தக் கையைக் கன்னத்தில், கழுத்தில், ரவிக்கைக்குள் எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தாள். தோட்டக்காரர் நாகரிகமாகத் தள்ளிப் போய்விட்டார். "பத்து முட்டைக்கா உனக்கு வழியில்ல? சாரீனாகிட்டக் கேட்டிருக்கலாம்ல?" என்று திட்டினாள். "அவகிட்டக் கேட்டா நீ கோவிச்சுக்கிட்டுப் போனது தெருவுக்கே தெரிஞ்சிடும்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அது உங்கம்மா குடுத்தது. பட்டுப்போயிருந்தா நீ திரும்பி வந்திருக்க மாட்ட" என்றான். "ஐயோ மடையா, நான் செடிக்காகவா வந்தேன்?" என்றாள் அவள். அவன் அதை யோசித்துப் பார்ப்பவன் போல் புருவத்தைச் சுருக்கினான். சோம்புக்கீரை சரியாகத்தான் இருந்தது என்றும் சொன்னான். அரைமணி நேரம் அப்படிச் சூடாக இருந்தான். மூடும் மணி அடித்தபோது அவன் தலை அவள் தோளில் இருந்தது. குளிர் போனபின் உள்ளே வேறெதுவும் மிச்சமிருக்கவில்லை.

அவனை எடுத்துப் போனார்கள், குளிரை எடுத்துப் போக முடியவில்லை. அது பெஞ்சின் மேலேயே தங்கிவிட்டது. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், தோட்டத்தார் அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் வருஷம் பேராசிரியர்கள் வந்து பார்த்தார்கள், இரண்டாம் வருஷம் சுண்ணாம்புக் கல்லால் எல்லை கட்டினார்கள், மூன்றாம் வருஷம் ஒரு தகரப் பலகையில் லைலாக்கின் லத்தீன் பெயரை எழுதி, 'ஆகஸ்டில் பூக்கும்' என்று சேர்த்தார்கள். தோட்ட வேலைக்காரர்கள் மத்தியான உணவையும் தண்ணீர்ப் புட்டிகளையும் பெஞ்சுக்கு அடியில் வைக்கிறார்கள். தோன் இஞ்ஞாட்சியோ செத்தபோது அவர் பெட்டிமேல் வைத்தது அந்தப் பூவைத்தான்.

பால்கனியில் இருந்த பொமேலியா அந்தச் செப்டம்பரில் பத்துக் கொம்பிலும் கொத்துக்கொத்தாகப் பூத்து, தெருமுனைவரை மணந்தது. நூன்சியா அதை வெட்டிப்போடக் கத்தியை எடுத்துக்கொண்டு மூன்று தடவை போனாள், மூன்று தடவையும் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினாள். சக்களத்தி என்றுதான் அதைக் கூப்பிடுகிறாள். "குடி, சக்களத்தி, நல்லாக் குடி. ஒருத்தனை முழுங்கியாச்சு" என்று காலையில் அவள் திட்டுவது எதிர் பால்கனிக்குக் கேட்கும். ஆனாலும் நவம்பர் பிறந்து ஒரு வாரம் தாண்டாது. பத்து முட்டை உடைந்துவிடும், பத்து நுனிக்கும் ஓடு ஏறிவிடும். மார்ச்சில் நாள் பார்த்துக் கழற்றியும்விடுகிறாள்.

ஒவ்வொரு கோடையிலும், ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு, கையில்லாத பருத்திச் சட்டையோடு தோட்டத்துக்குப் போகிறாள். நுழைவாயிலில் இருப்பவன் சால்வை வேண்டுமா என்று கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. கல் எல்லையைத் தாண்டிப் போய், பெஞ்சின் இடதுபக்கத்தில், வலதுபக்கத்தைக் காலியாக விட்டு உட்காருகிறாள். பத்து விரல்களையும் விரித்து, ஓடு இல்லாமல், வெறுமனே மடிமேல் மல்லாத்தி வைத்துக்கொள்கிறாள். பனி அவள் தலையிலும் தோளிலும் விழுகிறது, விரல்களின் மேல் விழுகிறது, விழுந்ததும் உருகிவிடுகிறது. மூடும் மணி அடிக்கும்வரை அப்படியே இருந்துவிட்டு, ஈரப் பாவாடையை உதறிக்கொண்டு எழுந்து, வெயிலில் நடந்து வீட்டுக்குப் போகிறாள். இது பத்தொன்பதாவது வருஷம். இதுவரை அவளுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.